ஓவன் இல்லாமல் கிங் கேக் டிப்: மார்டி கிரா ஊர்வலத்துக்கு எடுத்துப்போக எப்படிச் செய்வது?

சிறுதேர் (மெட்டெரி, லூசியானா)

வணக்கம் நண்பர்களே,

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் குடிவந்த பிறகு எங்களுக்கு இது முதல் கார்னிவல், அதாவது கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்புக்கு முன்னால் வந்து மார்டி கிரா நாளோடு முடிகிற கொண்டாட்டக் காலம். 2026 பிப்ரவரி 14 சனிக்கிழமை ஐரிஸ் என்ற குழு நடத்தும் ஊர்வலம் பார்க்க எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் இடம் பிடிக்கப் போகிறோம். காலையிலேயே போய் சாலை நடுவில் உள்ள புல்திட்டில் நாற்காலி போட்டுவிட்டால் பொழுது சாய்கிற வரை அங்கேதான் என்கிறார்கள். ஆளுக்கொரு பதார்த்தம். ஒரு வீட்டில் வறுத்த கோழி, ஒரு வீட்டில் ஜம்பலாயா சோறு, எனக்கு இனிப்பு.

இந்தக் காலத்தில் எல்லாரும் வெட்டும் வளைய வடிவ கிங் கேக்கை ஏற்கெனவே இரண்டு பேர் வாங்கி வருகிறார்கள். அதே சுவையில் டிப், அதாவது தொட்டுக்கொள்ளும் க்ரீம், கலந்து பிஸ்கட்டோடு வைத்தால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். ஓவன் வேண்டியதில்லை என்பது எனக்கு வசதி. ஆனால் இணையத்தில் கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் க்ரீம் சீஸில் சர்க்கரையைக் கொட்டி, மேலே மூன்று நிறத்தைத் தூவுவதோடு முடிந்துவிடுகின்றன. அதில் கிங் கேக் வாசனை எங்கிருந்து வரும்?

இன்னும் இரண்டு சந்தேகம். இத்தனை மணி நேரம் வெளியில் இருந்தால் கெட்டுப்போகாதா? எங்கள் வீட்டில் முட்டையும் ஜெலட்டினும் கிடையாது. எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பேயூ_வாசி (பேட்டன் ரூஜ்)

நல்ல கேள்வி. முதலில் கிங் கேக்கின் சுவை எதனால் ஆனது என்று பார்த்துவிடுவோம், டிப் தானாக வந்துவிடும்.

இங்கே விற்கிற கிங் கேக் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த இனிப்பு ரொட்டி. மாவில் வெண்ணெய், பால், முட்டை. அதைத் தட்டி, இலவங்கப்பட்டைப் பொடி கலந்த சர்க்கரையைப் பரப்பிச் சுருட்டி அல்லது பின்னி, வளையமாக்கிச் சுடுவார்கள். பல வீட்டுச் செய்முறைகளில் லெமன் தோல் துருவலும் கொஞ்சம் ஜாதிக்காயும் இருக்கும். மேலே ஐசிங், அதன் மேல் ஊதா, பச்சை, பொன் நிறச் சர்க்கரை. ஆக, நாக்குக்குத் தெரிய வேண்டியவை வெண்ணெய், பட்டை, லெமன் தோல், ஈஸ்ட் மாவுக்குரிய மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்பை க்ரீம் சீஸ் ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். மற்ற மூன்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும். நீங்கள் பார்த்த செய்முறைகள் வெறும் இனிப்பாக நிற்பதற்குக் காரணம் அவற்றில் வெண்ணெயும் லெமனும் இல்லாததுதான்.

பன்னிரண்டு பேருக்கு என் அளவு: கட்டியாக வரும் முழுக்கொழுப்பு க்ரீம் சீஸ் ஒன்று, அதாவது 226 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 55 கிராம். சலித்த பொடிச் சர்க்கரை 1 கப், 120 கிராம் இருக்கும். பட்டைப் பொடி ஒன்றரை தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, வனிலா 1 தேக்கரண்டி, ஒரு லெமனின் தோல் துருவல், உப்பு கால் தேக்கரண்டிக்கும் குறைவாக. கெட்டி க்ரீம் 240 மில்லி. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் எல்லாம் ஒரே தித்திப்பாகிவிடும்.

க்ரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயைச் சிறு பாத்திரத்தில் மைக்ரோவேவில் உருக்கி, பட்டைப் பொடியையும் ஜாதிக்காயையும் அதில் போட்டுக் கலக்கி, மீண்டும் மெத்தென்று ஆகும் வரை ஆறவிடுங்கள். பட்டையின் மணம் கொழுப்பில் கரைவது. நேரடியாகத் தூவினால் கிடைப்பதைவிட நல்ல வாசனை வரும்.

க்ரீம் சீஸைத் தனியாக முதலில் அடிக்க வேண்டும். துளிகூடக் கட்டி இல்லாமல் வழவழப்பான பிறகே பட்டை வெண்ணெய். அப்புறம் சர்க்கரையை இரண்டு தடவையாக, கூடவே வனிலா, லெமன் தோல், உப்பு. ஈரமான எதையும் அதற்கு முன்னால் சேர்க்காதீர்கள். சீஸில் கட்டி இருக்கும்போது பாலோ க்ரீமோ ஊற்றினால் அந்தக் கட்டி பிறகு உடையவே உடையாது. கடைசியில் க்ரீமை வேறு கிண்ணத்தில் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு நுரைக்க அடித்து, கரண்டியால் கீழிருந்து மேலாகப் புரட்டிச் சேருங்கள். மூடி போட்டுக் குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு.

லெமன் தோலைத் துருவும்போது மஞ்சள் மேல்பகுதி மட்டும். வெள்ளை வந்தால் கசக்கும்.

ஜெலட்டின் பற்றி: மார்ஷ்மெல்லோ போடச் சொல்லும் செய்முறைகளை ஒதுக்கிவிடுங்கள், அதில் ஜெலட்டின் உண்டு. ஜாடியில் வரும் மார்ஷ்மெல்லோ க்ரீமில் ஜெலட்டின் இருக்காது, ஆனால் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். தொட்டுக்கொள்ள வைக்கும் வனிலா வேஃபர்களிலும் பெரும்பாலும் முட்டை சேர்க்கிறார்கள். கிரஹாம் பிஸ்கட், உப்புப் பிரெட்சல், ஆப்பிள் துண்டு எல்லாம் உங்களுக்குத் தோது. எப்படியும் உறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடல்மணல் (மொபீல், அலபாமா)

பேயூ_வாசியின் செய்முறை வீட்டுக்குள் சாப்பிட அருமையானது. தெருவில் வைத்துச் சாப்பிட, அடித்த க்ரீமுக்குப் பதிலாக உறையவைத்த டப்பாவில் விற்கும் விப்ட் டாப்பிங்தான் என் பரிந்துரை. அதே 226 கிராம் டப்பா, குளிர்பெட்டியில் வைத்து இளகவிட்டு அப்படியே புரட்டிச் சேர்க்கலாம். நேரம் போனாலும் நீர் விடாது. உண்மையான க்ரீம் வெயிலில் சீக்கிரம் அடங்கிவிடும். டாப்பிங் ஏற்கெனவே இனிப்பு என்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதில் பால் புரதம் இருக்கிறது, பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1703-லேயே எங்களிடம் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது, நியூ ஆர்லியன்ஸ் நகரம் நிறுவப்பட்டதே 1718-ல்தான். இங்கே ஊர்வல வண்டிகளிலிருந்து மணிமாலைகளோடு மூன்பையும் வீசுவார்கள். நடுவில் மார்ஷ்மெல்லோ வைத்து, இரண்டு பக்கம் பிஸ்கட், மேலே சாக்லேட் பூச்சு. அதை நான்காக வெட்டி இந்த டிப்பில் தோய்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஜெலட்டின் தவிர்ப்பவர்களுக்கு அது சரிவராது, மற்றவர்கள் அவசியம் செய்து பாருங்கள்.

பேயூ_வாசி

டாப்பிங் நிலைத்து நிற்கும் என்பது சரிதான். ஆனால் சுவையில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர், சோளச் சர்க்கரைப் பாகு, தாவரக் கொழுப்பு. பட்டை வெண்ணெயின் வாசனையை அது அமுக்கிவிடுகிறது. க்ரீம் சீஸோடு கலந்த க்ரீம் தனி க்ரீமைப் போலச் சீக்கிரம் அடங்காது, சீஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். சில்லென்று வைத்திருந்தால் நாள் முழுதும் நன்றாகவே நிற்கிறது.

கறுவாத்தோட்டம் (ரொறன்ரோ)

கறுவா பற்றி ஒன்று சொல்ல வேணும். அமெரிக்கா, கனடா சூப்பர் மார்க்கெட்டுகளில் கறுவாத்தூள் என்று விற்கிறது அநேகமாகக் காசியா வகை. காரமும் நெடியும் கூட. எங்கட இலங்கைக் கறுவா மெல்லிசு, லேசான இனிப்பு, மணமும் மென்மை. இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு மரம்.

இந்த டிப்புக்கு நான் இரண்டையும் சேர்ப்பன். கிங் கேக் சாப்பிட்டுப் பழகின ஆக்களின் நாக்கு எதிர்பார்க்கிறது காசியாவின் அடிதான், அதால அது 1 தேக்கரண்டி. இலங்கைக் கறுவா அரைத் தேக்கரண்டி மேல்மணத்துக்கு. வீட்டில் இடித்தால் கட்டாயம் மெல்லிய துணியில் சலியுங்கோ. சமைக்காத இனிப்பில் கறுவா நறநறவென்று நாக்கில் நிற்கும். கேக்கில் அது தெரியாது, இதில் தெரியும்.

தோப்புக்காரி (ஹூஸ்டன்)

ஆய்வகத்தில் உணவுப் பரிசோதனை வேலை பார்க்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த டிப்புக்கு இணையத்தில் அதிகம் சுற்றுகிற இன்னொரு வழி, கேக் மிக்ஸ் மாவை அப்படியே க்ரீம் சீஸில் கொட்டிக் கலப்பது. கேக் மணம் சுலபமாக வருகிறது என்பதால் பலரும் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கோதுமை மாவு பச்சைப் பொருள். வயலில் விலங்குக் கழிவோடு வரும் கிருமிகள் அரைத்த பிறகும் மாவில் இருக்க முடியும், அரவையில் அவை சாவதில்லை. கேக் மிக்ஸும் மாவுதான். 2021-ல் அமெரிக்காவில் கேக் மிக்ஸோடு தொடர்புபட்ட ஈ.கோலை கிருமி நோய்ப் பரவல் வந்தது, பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளே அதிகம்.

மைக்ரோவேவிலோ வாணலியிலோ வறுத்தால் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள். காய்ந்த மாவில் கிருமிகள் சூட்டைத் தாங்கி நிற்கும், வீட்டு வறுவலை நம்ப வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது. மாவு மணம் வேண்டுமானால் ஏற்கெனவே சுட்ட பிஸ்கட்டைப் பொடித்துச் சேருங்கள். கேரமல் வாசனை உள்ள ஸ்பெகுலாஸ் வகை பிஸ்கட் நான்கைந்து பொடித்துப் போட்டால் சுட்ட ரொட்டியின் சாயல் நன்றாக வரும்.

வெளியில் வைக்கும் கணக்கு: 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன பால் பண்டம் மொத்தம் இரண்டு மணி நேரம்தான். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம். பிப்ரவரியில் லூசியானாவில் 32 அபூர்வம், ஆனால் 25 வரை போகும் நாள்கள் உண்டு. இந்த இரண்டு மணி நேரம் வெளியே இருந்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். திரும்ப ஐஸ் பெட்டியில் வைத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. அதனால் ஒரே பெரிய கிண்ணத்தில் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று சிறிய டப்பாவாகப் பிரித்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பது நல்லது.

சிறுதேர்

எல்லாருக்கும் நன்றி. கேக் மிக்ஸ் வாங்கி வைத்திருந்தேன். அது ஒரு நாள் உண்மையான கேக்காகிவிடும்.

நேற்று பாதி அளவில் செய்து பார்த்தேன். பட்டையை வெண்ணெயில் கலக்கிய உடனேயே வீடு முழுக்க அந்த மணம். என் கணவருக்கு இனிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பிரெட்சலோடு கொடுத்தேன், சரியாகிவிட்டது.

இப்போது அடுத்த கேள்வி. கேக்குக்குள் பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை வைப்பார்களே, அதை டிப்பில் எங்கே வைப்பது? தெருக் குழந்தைகள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முத்துக்குளி (லஃபாயெட், லூசியானா)

தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. இங்கு வந்த பிறகுதான் தவக்காலத்துக்கு முன்னால் இப்படி ஒரு கொண்டாட்டக் காலம் இருப்பதைப் பார்த்தேன். ஊரில் நாங்கள் திருநீற்றுப் புதனிலிருந்துதான் கணக்கை ஆரம்பிப்போம். இங்கே ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் முதல் கிங் கேக்கை வெட்டுகிறார்கள். இந்த ஆண்டு கார்னிவல் பிப்ரவரி 17 செவ்வாயன்று முடிகிறது, மறுநாள் நெற்றியில் சாம்பல். அந்தச் செவ்வாய் நள்ளிரவில் நியூ ஆர்லியன்ஸின் பர்பன் தெருவில் குதிரைப் போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்து, கார்னிவல் முடிந்தது என்று அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு கிங் கேக் தின்பதை இங்கே பழைய குடும்பங்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஜனவரி 6-க்கு முன்னால் தின்பதையும்தான். டிப் செய்தாலும் இந்த வரையறையை மதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடம் முழுக்கக் கிடைத்தால் இந்தச் சுவைக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். முற்காலத்தில் கேக்குக்குள் பொம்மை கிடையாது, ஓர் அவரை விதைதான் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ட்வெல்ஃப்த் நைட் ரெவலர்ஸ் என்ற குழு 1870-களின் தொடக்கத்தில் பொன் அவரை கிடைத்த பெண்ணைத் தங்கள் நடனவிழாவின் ராணியாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெக்கன்சி என்ற பேக்கரி பீங்கான் பொம்மைகளை வைக்க ஆரம்பித்தது, பிறகு அது பிளாஸ்டிக்காக மாறியது. பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் அடுத்த கிங் கேக்கை வாங்கி வர வேண்டும். அலுவலகங்களில் ஜனவரி முழுக்க வாராவாரம் கேக் வருவது இந்த ஒரு விதியால்தான். பொம்மை இல்லாவிட்டால் இந்த இனிப்பு ஒரு நாளோடு நின்றுவிடும்.

ஆனால் டிப்புக்குள் புதைக்காதீர்கள். இப்போது பல பேக்கரிகளே பொம்மையைக் கேக்குக்கு வெளியே தனியாக வைத்துத்தான் கொடுக்கின்றன, தொண்டையில் சிக்கும் பயத்தால். வெட்டிச் சாப்பிடும் கேக்கில் கண்ணுக்குத் தெரியும். பிஸ்கட்டால் அள்ளி வாயில் போடும் க்ரீமில் தெரியாது.

தோப்புக்காரி

முத்துக்குளி சொன்னதை அப்படியே ஆதரிக்கிறேன். அதற்குப் பதில் முழு பாதாமோ பீக்கனோ போடலாம் என்று யாராவது சொல்வார்கள், சிறு குழந்தைகளுக்கு அதுவும் அதே ஆபத்து. கொட்டை ஒவ்வாமை வேறு இருக்கிறது.

கடல்மணல்

இதற்கு நாங்கள் கண்ட வழி சிறு கப். கெட்சப் ஊற்றித் தருவார்களே, மூடியுள்ள அந்தச் சின்ன பிளாஸ்டிக் கப், 60 மில்லி அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி டிப் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் தட்டுத் தட்டாக அடுக்கிவிடுவோம். ஒரே ஒரு கப்பின் அடியில், வெளிப்பக்கம், பொம்மையை டேப்பால் ஒட்டிவிடுவோம். பொம்மை உயரம் அதிகமென்றால் படத்தை வெட்டி ஒட்டினாலும் போதும். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் கப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்வோம். குழந்தைகள் அந்த நேரத்துக்காகவே வேகவேகமாகச் சாப்பிடுவார்கள்.

கடித்த பிஸ்கட்டை மறுபடி அதே கிண்ணத்தில் தோய்க்கும் பிரச்சினையும் இதில் இல்லை. தேவையான கப்பை மட்டும் வெளியே எடுப்பதால் தோப்புக்காரி சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கும் தானாகச் சரியாகிவிடும்.

சிறுதேர்

இது பிரமாதம்! கப்தான், முடிவு செய்துவிட்டேன். அடுத்து டிப் கொண்டுவரும் வீடும் அப்படியே தெரிந்துவிடும்.

தயிர்ப்பானை (சென்னை)

இங்கே கார்னிவல் இல்லை, ஆனால் இழையைப் படித்துவிட்டுச் செய்யாமல் இருக்க முடியவில்லை. க்ரீம் சீஸ் இங்கே பெரிய கடைகளில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அதனால் கட்டித் தொங்கவிட்ட தயிரில் செய்தேன். முழுக்கொழுப்புப் பாலில் உறையூற்றிய, அன்றைய புளிக்காத தயிர் அரை கிலோ. துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள்ளேயே வடிகட்டி மேல் ஓர் இரவு. காலையில் பாதியளவு கெட்டித் தயிர் மிஞ்சும். வெளியில் தொங்கவிட்டால் நம் ஊர்ச் சூட்டில் புளித்துவிடும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. அதோடு மென்மையான பனீர் 100 கிராம் சேர்த்து மிக்ஸியில் வழவழப்பாக அரைத்தால் க்ரீம் சீஸின் கனம் ஓரளவு வந்துவிடுகிறது. பட்டை வெண்ணெயை அந்த மிக்ஸியிலேயே ஊற்றி ஒரு சுற்று.

ஒரு சந்தேகம். இங்கே டெட்ரா பேக்கில் வரும் சாதாரண க்ரீமை எவ்வளவு அடித்தும் நுரைக்கவே இல்லை. ஏன்?

பேயூ_வாசி

அந்த க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். காற்றைப் பிடித்து நிறுத்த 30-க்கு மேல் வேண்டும். இங்கே கெட்டி க்ரீம் என்று விற்பதில் 36. விப்பிங் க்ரீம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், கிண்ணத்தையும் அடிக்கும் கம்பியையும் பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். அது கிடைக்காவிட்டால் க்ரீமே சேர்க்க வேண்டாம். தயிரும் பனீரும் இட்லி மாவைவிடக் கெட்டியாக இருந்தால் போதுமானது. கண்டென்ஸ்டு மில்க் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு, ஊற்றினால் ஓடிவிடும்.

க்ரீம் சீஸ் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு: ரொட்டியில் தடவும் வகை என்று டப்பாவில் வருவது வேண்டாம், ஈரம் அதிகம். கட்டியாக வருவதுதான் நிற்கும்.

க்ரீம் சீஸைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. நியூ ஆர்லியன்ஸ் கிழக்குப் பகுதியில் வியட்நாமியக் குடும்பம் நடத்தும் டாங் ஃபுவாங் பேக்கரி இருக்கிறது. வழக்கமான சர்க்கரை ஐசிங்குக்குப் பதில் க்ரீம் சீஸ் பூச்சோடு அவர்கள் செய்யும் கிங் கேக்குக்கு இன்று ஊரே வரிசையில் நிற்கிறது. 2018-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் அமெரிக்காஸ் கிளாசிக்ஸ் விருதும் அந்தப் பேக்கரிக்குக் கிடைத்தது. போருக்குப் பின் அகதிகளாக வந்து சேர்ந்த சமூகம், இந்த ஊரின் பழைய பண்டத்தைத் தன் கையால் செய்து ஊரையே தன் கடைக்கு வரவைத்திருக்கிறது. சிறுதேர் தயங்கத் தேவையே இல்லை. இந்தப் பண்டிகை வந்தவர்களை ஏற்கிற பண்டிகை.

சிறுதேர்

மனதுக்கு நிறைவாக இருக்கிறது, நன்றி.

நிறச் சர்க்கரையில் சிக்கல். முதல் நாள் இரவே தூவி வைத்தேன், காலையில் மூன்று நிறமும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிட்டது. ஊதா மட்டும் முதலிலிருந்தே சாம்பல் நிறம்தான்.

முத்துக்குளி

சர்க்கரை ஈரத்தை இழுக்கும், டிப்போ முழுக்க ஈரம். அதனால் கடைசி நிமிடத்தில்தான் தூவ வேண்டும். கப் என்றால் மூடியைத் திறந்து கையில் கொடுக்கும்போது. மூன்று சிறு மசாலாக் குப்பியில் சர்க்கரையைக் கொண்டுபோங்கள், குழந்தைகளே தூவிக்கொள்வார்கள். பொடிச் சர்க்கரை உடனே கரையும், பெரிய பரல் சர்க்கரை அதிக நேரம் தாங்கும், கடிக்கும்போது நறுக்கென்றும் இருக்கும்.

வீட்டில் நிறமேற்ற, அரை கப் பரல் சர்க்கரையை ஜிப் பையில் போட்டு, ஜெல் நிறமி இரண்டு மூன்று துளி விட்டுக் கசக்கி, தட்டில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஊதா செய்யப் பார்த்தால் பெரும்பாலும் சாம்பல்தான் வரும், ஊதா ஜெல்லைத் தனியாகவே வாங்கிவிடுங்கள்.

நிறத்தில் அக்கறை எடுத்துக்கொள்வது வீண் வேலையில்லை. இந்த மூன்று நிறங்களை ரெக்ஸ் என்ற நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலக் குழு 1872-ல் தேர்ந்தெடுத்தது. 1892-ல் தன் ஊர்வலத்தையே நிறங்களின் பொருளை வைத்து அமைத்து, ஊதா நீதி, பச்சை விசுவாசம், பொன் அதிகாரம் என்று சொன்னது. ஒரு நிறம் பிசகினால் இங்கே சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

தயிர்ப்பானை

செயற்கை நிறம் வேண்டாதவர்களுக்கு ஊதாவுக்குச் சங்குப்பூ இருக்கிறது. உலர்ந்த பூவை நைசாகப் பொடித்து, சர்க்கரையில் கலந்து, எலுமிச்சைச் சாறு ஒன்றிரண்டு துளி விட்டுப் பிசறினால் நீலம் ஊதாவாக மாறும். கஷாயமாக ஊற்றினால் சர்க்கரை கரைந்துவிடும், பொடிதான் சரி. பொன்னுக்கு மிகச் சிறிய சிட்டிகை மஞ்சள், வாசனை தெரியாத அளவுக்கு. பச்சைக்கு மாட்சா தேயிலைப் பொடி. கடை நிறம் மாதிரிப் பளிச்சென்று இருக்காது, ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது.

கறுவாத்தோட்டம்

சனிக்கிழமை என்று தெரிவு செய்தது நல்லதாய்ப் போச்சு. அடுத்த நாள் 15-ஆம் திகதி சிவராத்திரி. விரதம் பிடிக்கிற ஆக்கள் இருந்தால் ஞாயிறு பாக்கஸ் ஊர்வலத்துக்கு இந்த டிப்பைக் காட்டுறது பாவம்.

சிறுதேர்

ஆமாம், எங்கள் வீட்டில் மாமியார் விரதம் இருப்பார். அதனால்தான் சனிக்கிழமை மிச்சமில்லாமல் தீர்க்க வேண்டும்! மிஞ்சினால் உறைபெட்டியில் வைக்கலாமா?

பேயூ_வாசி

வேண்டாம். உறைந்து இளகினால் க்ரீம் சீஸ் திரிதிரியாகி நீர் பிரிந்துவிடும். வீட்டுக் குளிர்பெட்டியிலேயே இருந்த டிப் என்றால் மூன்று நாள் வரை நல்ல சுவையோடு இருக்கும். தெருவுக்குப் போய் வந்த கப்பில், ஐஸ் உருகாமல் நன்றாகச் சில்லென்று இருந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததை எல்லாம் கொட்டிவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டோம், ஸ்ட்ராபெர்ரி. லூசியானாவின் பான்சட்டூலா ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பழம் இப்போது சாலையோரக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கும். கடைகளில் தூரத்து மாநிலங்களிலிருந்து வரும் பெரிய பழத்தைவிடச் சிறியது, உள்வரை சிவப்பு. அதன் புளிப்பு இந்தப் பட்டை வெண்ணெயோடு சேரும்போது பிஸ்கட்டே வேண்டாம் என்று தோன்றும். காலையில் கழுவி, ஈரம் போகத் துடைத்து எடுத்துப்போங்கள். ஈரப் பழத்தில் டிப் ஒட்டாது.

சிறுதேர்

வெள்ளிக்கிழமை மாலை வாங்கிவிடுகிறேன். எத்தனை பேருக்கு எவ்வளவு பழம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பேயூ_வாசி

குழந்தைகள் அதிகமென்றால் முதலில் பழம்தான் தீரும். ஒரு மடங்கு டிப்புக்கு ஒரு கிலோ வாங்குங்கள், கூடவே ஒரு பை பிரெட்சல்.